கீழ் லயத்தில் முதலில் இருட்டும்

கிருஷ்ணகுமாரி அக்கா போனை எடுக்கும் விதமே தனி. இடுப்பில் செருகியிருக்கும் பொலித்தீன் சொப்பிங் பேக்கை வெளியே எடுத்து அதன் முடிச்சைப் பல்லால் அவிழ்ப்பார். தேயிலைக் கொழுந்து பறிக்கிற விரல்கள் எப்போதும் ஈரம். உள்ளே இன்னொரு பேக், அதற்குள் ஒரு பழைய பட்டன் போன். திரையில் தண்ணீர் இருக்காது, ஆனாலும் முந்தானையின் உட்பக்கத்தால் ஒருமுறை துடைப்பார். பிறகு உதடு அசைய வாசிப்பார். வாசித்துவிட்டு மலையைப் பார்ப்பார். மறுபடியும் உதடு அசைய வாசிப்பார். கடைசியாக ஒருதரம் வாசிக்கும்போது உதடு அசையாது. செய்தி அவருக்குள் தமிழாகிவிட்டது என்று அப்போதுதான் நமக்குத் தெரியும். அதன் பிறகே வாயைத் திறப்பார்.

இதையெல்லாம் அவர் செய்வது அம்மன் கோவிலுக்குப் பின்னால் இருக்கிற பாறையின் மேல் நின்றுதான். எங்கள் தோட்டத்தில் போன் பிடிக்கும் ஒரே இடம் அது. கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி, றப்பர் மரங்களுக்கு நடுவே ஏறினால் மேல் லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசை, கோவில், பள்ளிக்கூடம். அங்கிருந்து படிக்கட்டில் இறங்கினால் ஓடைக்குப் பக்கத்தில் கீழ் லயம். மேற்கு மலையின் காலடியில், ஒரு குழிக்குள் கிடக்கிற மாதிரி இருக்கும். அங்கே போனும் பிடிக்காது, வெயிலும் நிற்காது.

அக்கா பிறந்தது ரம்புக்கனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். சின்ன வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார். சிங்களம் அங்கே சரளமாக வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பாடம் எழுதும்போது பக்கத்தில் துணி மடித்துக்கொண்டே ஆங்கில எழுத்துக்களையும் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையின் பெயர் கிருஷ்ணகுமார். ஒரே பேருக்கு ரெண்டு அடையாள அட்டை என்று இன்றைக்கும் கேலி செய்வார்கள். கிருஷ்ணகுமார் அண்ணனுக்குக் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அக்கா மாமியார் வெள்ளையம்மாவோடு மேல் லயத்தில் இருந்து கொழுந்துக்குப் போகிறார்.

மண் சரிவு எச்சரிக்கையை லயத்தில் ஒருவருடைய போனுக்கு அனுப்புவதென்று ஏற்பாடு வந்தபோது, யாருடைய போன் என்று கேட்டார்கள். ஆண்கள் எல்லாரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் பக்கத்தில் மண் சரிவதை 'நாயயாம' என்று சிங்களத்திலேயே சொல்லிப் பழகிவிட்டோம். நாயயாம மெசேஜ் பொய்த்தால் திட்டு வாங்க வேண்டும், பலித்தால் பழி சுமக்க வேண்டும். அக்காதான் கையைத் தூக்கினார். "எனக்குச் சிங்களம் தெரியும். இங்கிலீசும் எழுத்துக் கூட்டுவேன்" என்றார்.

போன வருடம் இரண்டு தடவை மெசேஜ் வந்தது. இரண்டு தடவையும் கீழ் லயத்து ஆட்களை வீடு வீடாகப் போய் எழுப்பி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தார். மலை அசையவில்லை. இரண்டாம் தடவை திரும்பிப் போனபோது அஜந்தன் வீட்டுக் கோழிகளைக் காணவில்லை. அதிலிருந்து அக்காவைக் கண்டால் அஜந்தன் கேட்கிற முதல் கேள்வி, "மெசேஜ் அக்கா, என் கோழி எங்கக்கா?"

நான் எழுத வந்தது இந்த வருட மழையில் நடந்ததை.

நாள் கணக்காகப் பெய்த மழை அன்று மத்தியானம் சட்டென்று விட்டது. வெயில்கூட அடித்தது. தேயிலைச் செடிகளிலிருந்து ஆவி எழும்பியது. நான் பாறைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கவிதைப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். வீட்டை விட அங்கே பேச்சு குறைவு. அக்கா சாப்பாட்டு நேரத்தில் ஏறி வந்து பேக்கை அவிழ்த்தார். வாசித்தார். மலையைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். அதற்கு மேல் போகவில்லை. உதடு ஒரே இடத்தில் நின்றுகொண்டது.

"தம்பி, இங்க வா. இது முழுக்க இங்கிலீசுல வந்திருக்கு. மலைன்னு இருக்கிறது புரியுது, எடத்த விட்டுப் போகச் சொல்றது புரியுது. 'பிஃபோர்'னா முந்தி. அதுக்கு அங்கிட்டு இருக்கே, அது என்னா?"

நைட்ஃபோல் என்று இருந்தது.

"ராத்திரிக்கு முந்தின்னு சொல்லலாங்க்கா..."

"நைட்டுன்னா நைட்டுன்னே போட்டிருப்பாங்கல்ல. இதென்னா பின்னாடி ஒரு வாலு?"

எனக்கு ஏற்கனவே பிடித்த சொல் அது. தமிழில் பொழுது சாயும், இருள் கவியும், அந்தி மயங்கும். ஆங்கிலத்தில் இரவு விழுகிறது. கவிதைகளில் அது பஞ்சு மாதிரித்தான் விழும், யாருக்கும் அடிபடாது. ஒரு உத்தரவுக்குள் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"நைட்டு இல்லக்கா. நைட்டு ஆரம்பிக்கிற நேரம். வெளிச்சம் போயி இருட்டு வந்து எறங்குதே, அது."

"அந்தியா?"

"அந்தின்னும் சொல்லலாம்."

"என்னா சொல்லலாம் சொல்லலாம்னுக்கிட்டு? நம்மாளுகளுக்கு அந்தின்னா கொழுந்து நிறுக்கிற நேரம். பொறகு தண்ணி புடிச்சு, சோறாக்கி, புள்ளைகளுக்குக் குடுத்து, நாடகம் பாத்து, அதுக்கப்பறம்தான் நைட்டு. நைட்டுக்கு முந்தின்னு போயிச் சொன்னேன்னு வையி, சோத்தத் தின்னுட்டு வாறோம்பாங்க."

"வெளிச்சம் இருக்கப்பவே வரணும்னு சொல்லுங்க. வெளக்கு வைக்கிறதுக்கு முந்தி."

அக்கா கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். கீழ் லயத்துத் தகரக் கூரைகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. மேற்கு மலையின் நிழல் ஓடையின் அந்தப் பக்கத்தில் நின்றது.

"யாரு வெளக்கு? அங்க வெளக்குப் போட்ட பொறகும் இங்க நீங்க கிரிக்கெட் அடிச்சிக்கிட்டு இருப்பீங்க. இத எழுதினவன் எந்த எடத்து இருட்டப் பாத்து எழுதினான்?"

அகராதியில் அதற்குப் பதில் இல்லை.

"கீழ் லயத்து இருட்டுத்தான் கணக்கு" என்று அவரே தீர்த்துக்கொண்டு, பேக்கை முடிந்தார்.

அன்று பெண்கள் ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மேட்டில் நின்று சத்தமாகச் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. மெசேஜ் வந்திருக்கு. இன்னைக்கு இருட்டு விழுறதுக்கு முந்தி கீழ் லயம் காலியாயிறணும். புள்ளகுட்டிகளக் கூட்டிக்கிட்டு மேல இஸ்கூலுக்கு வந்துருங்க."

"இருட்டு விழுதா? எங்கேருந்துடி விழுது?" என்றாள் ஒருத்தி. வரிசை முழுதும் சிரித்தது.

மூட்டை தூக்க வந்திருந்த அஜந்தன் தலையில் படங்குத் துணியோடு நிமிர்ந்தான். "மெசேஜ் அக்கா, கோழியையும் கூட்டிக்கிட்டு வரவா, இல்ல அதுக்கு வேற மெசேஜ் வருமா?"

கங்காணி வானத்தைக் காட்டினார். "வெயிலு அடிக்குது பாருங்க. இப்ப மலைய விட்டு எறங்கினா எல்லாத்துக்கும் அரைப்பேருதான். பொறகு என்னையக் கேக்கக்கூடாது."

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். அதைக் கேட்டதும் கைகள் மறுபடி செடிக்குள் போய்விட்டன.

"கொழுந்த நிறுத்துட்டு, ஒரு வாய் சோத்தத் தின்னுட்டு நைட்டுக்கு முந்தி வாறோம் குமாரி. ஓடியா போகுது மலை?" என்றாள் மூத்தவள் ஒருத்தி.

"நைட்டு இல்லக்கா. அதுக்கு முந்தி. வெளிச்சத்தோட."

"நைட்டுக்கு முந்தித்தானேடி நாங்களும் சொல்றோம்!"

வெள்ளையம்மாவும் அந்த வரிசையில்தான் இருந்தார். மருமகளை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "குமாரி, போயி உன் நெரையப் புடி. போன வருசம் வாங்கின பேச்சு எனக்குப் போதும்."

அக்கா நிரைக்குப் போகவில்லை. மேலே ஏறினார். நான் பின்னால் கொஞ்சம் தள்ளி வந்தேன். வீட்டு இஸ்தோப்பில், அந்த ஒடுக்கமான முன் தாழ்வாரத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கீழே பார்த்தார். மலையின் நிழல் ஓடையைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்திருந்தது. கூரைகளின் மினுமினுப்பு ஒரு பக்கத்திலிருந்து அணையத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் போனார். வரும்போது நெற்றியில் பொட்டு இல்லை. நேராகப் பழனியாண்டி வீட்டுக்கு நடந்தார்.

பழனியாண்டிதான் எங்கள் தோட்டத்தில் தப்பு அடிக்கிறவர். சாமிக்கு ஒரு அடி, காமன் கூத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. சாவு அடி கேட்டால் எந்த மலையில் இருந்தாலும் கை நின்றுவிடும். யார் என்று கேட்க மாட்டார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே போவார்கள். அன்றைக்குக் கங்காணியும் வாயைத் திறக்க மாட்டார், யாருக்கும் அரைப்பேர் விழாது.

அக்கா அவர் வாசலில் நின்று, கொண்டையைப் பிடித்து அவிழ்த்துவிட்டார். முடி முதுகில் விழுந்தது.

"மாமா, தப்ப எடுங்க."

பழனியாண்டி அந்த முடியைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். "ஐயோ, யாரும்மா? கொழும்புலேருந்து..."

"கேக்காதீங்க மாமா. எங்க வாசல்ல வந்து அடிங்க."

அவர் கேட்கவில்லை. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போதே அழத் தொடங்கிவிட்டார். அக்கா திரும்பிப் போய் இஸ்தோப்பில் முழங்காலில் முகத்தை வைத்து உட்கார்ந்தார். மெசேஜோடு வேறு ஏதாவது வந்திருக்குமோ? பக்கத்தில் போனேன். முடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஒண்ணும் இல்ல. வாயத் தொறந்துறாத. கீழ் லயத்துல யாரு யாரு வாறாங்கன்னு மட்டும் பாத்துக்கிட்டே இரு."

தப்புச் சத்தம் மலைகளில் மோதித் திரும்பியது. பள்ளத்தில் தலைகள் நிமிர்வது மேலிருந்தே தெரிந்தது. நிறுவைக்குக் கொண்டு வந்த கொழுந்தை அப்படியே கொட்டிவிட்டு வந்தார்கள். மெசேஜுக்கு அசையாத கால்கள் ஓடி வந்தன. இடுப்பில் பிள்ளை, கையில் பிள்ளை. அடுப்பிலிருந்து உலையை இறக்கிவிட்டு வந்தவர்கள் உண்டு.

அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் வரவில்லை. "கொழும்புலேருந்து போன் வந்திச்சாம்" என்று ஒருத்தி சொன்னாள். "கட்டடத்துலேருந்து விழுந்துட்டாராம்" என்றாள் இன்னொருத்தி. கடைசியாக வந்தவர்களிடம் அது பஸ் விபத்தாகிவிட்டிருந்தது. உடல் எப்படியும் நைட்டுக்குத்தான் வரும் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஆண்கள் கூடி, கோடித் துணி, வெள்ளைக் கொடி, பந்தல் என்று பிரித்துக்கொண்டு கிளம்பினார்கள். அஜந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கஹவத்தைக்குப் போகிற கூட்டத்தில் முதல் ஆளாக இறங்கிப் போனான்.

வெள்ளையம்மா வந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கொழுந்துக் கூடை முதுகிலேயே இருந்தது. கூடைக் கயிறு நெற்றியை அழுத்தியிருக்க, இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"எம்மவனே! எஞ்சாமி! ஒத்த மவன அனுப்பிட்டு ஒக்காந்திருக்கேனே!"

வந்த வேகத்தில் மருமகள் மேல் விழுந்தார். அக்கா அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். இருவர் முகமும் முடிக்குள் மறைந்தன. அக்காவின் உதடு மாமியாரின் காதுக்குப் பக்கத்தில் அசைவதைப் பார்த்தேன். வெள்ளையம்மாவின் அழுகை நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். சுற்றி நின்ற பெண்கள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டார்கள். பிறகு முன்னதை விட இரண்டு மடங்கு சத்தத்தில் ஒப்பாரி எழும்பியது. அழுதுகொண்டே வெள்ளையம்மா மருமகளின் கையைக் கிள்ளிய கிள்ளில் தோல் உரிந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

நிழல் கீழ் லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு, வரிசையின் கடைசி ஒற்றையறை வீட்டுக்கு, போய்விட்டது. இங்கே மேலே இன்னும் மஞ்சள் வெயில். நான் முகங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வீடு வீடாக நினைத்துப் பார்த்தேன். ஓடையோரக் காம்பரா வந்துவிட்டது. அதற்கு அடுத்தது வந்துவிட்டது. கடைசிக் காம்பரா அஜந்தனுடையது. அஜந்தன் பஜாருக்குப் போய்விட்டான். அவன் மாமியார் இங்கே ஒப்பாரி வைக்கிறார். அஜந்தனின் பெண்சாதி ராகினி?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்தேன். "அக்கா, ராகினி வரல."

அக்கா தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் உண்மையான பயத்தை அப்போதுதான் பார்த்தேன்.

ராகினிக்குக் குழந்தை பிறந்து பேர்கூட இன்னும் வைக்கவில்லை. பச்சைப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்கு வரமாட்டாள். சாவு அடி கேட்டால் கதவைச் சாத்தி, கெட்ட காற்று படாமல் பிள்ளையை மூடி வைத்துக்கொள்வாள். எல்லாரையும் மேலே இழுத்த அதே சத்தம் அவளைக் கதவுக்குள் பூட்டிவிட்டது. எங்களில் யாருக்கும் தெரியாத வழக்கமில்லை இது. அக்காவுக்கு அந்த அவசரத்தில் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அக்கா எழுந்து ஓடினார்.

"புடிங்கடி! ஓடையில விழப் போறா!" என்று பெண்கள் கத்தினார்கள். இரண்டு பேர் சேலையைப் பிடித்தார்கள். உண்மையை அங்கே சொல்லியிருந்தால், இன்னும் வெளிச்சம் இருக்கிறதென்று எல்லாரும் உலையைப் பார்க்கத் திரும்ப இறங்கியிருப்பார்கள். வெள்ளையம்மா எழுந்து அந்த இரண்டு பேருக்கும் நடுவே விழுந்து புரண்டு அழுதார். சேலை விடுபட்டது. நான் பின்னாலேயே ஓடினேன்.

படிக்கட்டின் பாதியில் அக்கா ஒருதரம் நின்றார். படிகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மழை விட்டு இத்தனை நேரம் ஆகியும், அதுவரை தண்ணீர் வராத இடத்திலிருந்து, தேநீர் நிறத்தில். அதைத் தாண்டினோம்.

கீழே இறங்க இறங்க வெளிச்சம் குறைந்தது. மேலே விட்டு வந்தது பகல். கீழ் லயத்து வாசலில் ஒருவர் முகம் மற்றவருக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. நாய்கள்கூட இல்லை. ராகினியின் ஜன்னலில் மட்டும் பல்ப் எரிந்தது.

அக்கா கதவைத் தட்டினார். "ராகினி, கதவத் தொற. நான்தான் குமாரி."

உள்ளேயிருந்து அழுகையை அடக்கின குரல். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க இருக்கிற நெலமையில இந்த வாசலுக்கு வரக்கூடாதுக்கா. சின்னப் புள்ள இருக்கு."

"தொறடி. புள்ளையத் தூக்கிக்கிட்டு உடனே வா. மலை வரப் போகுது."

"முப்பது நாள் முடியாம வெளிய வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்கு. போங்கக்கா. புண்ணியமாப் போகும்."

"ராகினி, கேளு. அவரு சாகல."

"யாரு?"

"எம்புருசன். நல்லாத்தான் இருக்காரு. நான் பொய்யாத் தப்பு அடிக்கச் சொன்னேன்."

ராகினி வாய்விட்டு அழுதாள். "ஐயோ அக்கா, இப்பிடி ஆயிட்டீங்களே! யாராச்சும் வாங்களேன், அக்காவுக்குப் புத்தி பெரண்டு போச்சு!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் "உண்மைதான் ராகினி" என்றேன். அவள் நம்பவில்லை. லயத்துக்குப் பின்னால், சரிவில், ஒரு மரம் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. காற்று இல்லை.

ஜன்னல் ஒரு கையளவு திறந்தது. ராகினியின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

அக்கா அவிழ்ந்து கிடந்த முடியை இரண்டு கையாலும் அள்ளி முடிந்தார். வாசல் நிலையில் வெள்ளிக்கிழமைக்கு வைத்த மஞ்சளும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. விரலை எச்சிலில் நனைத்து அந்தக் குங்குமத்தைத் தேய்த்து எடுத்தார். ஜன்னலுக்கு நேராக வந்து நின்று, நெற்றியில் பெரிதாக வைத்துக்கொண்டார். சேலைக்குள்ளிருந்து தாலியை எடுத்து, வெளியே போட்டு, கண்ணில் ஒற்றினார்.

"புருசன் செத்தவ ஒரு பச்சப்புள்ள வீட்டு வாசல்ல நின்னு பொட்டு வைப்பாளாடி?"

தாழ்ப்பாள் விலகியது.

ராகினி பிள்ளையை அவளாகவே அக்காவின் கையில் கொடுத்தாள். நடக்க அவளுக்குத் தெம்பில்லை. நான் தோளைக் கொடுத்தேன். படிகளில் தண்ணீர் இப்போது கணுக்கால் வரை வந்தது. பிள்ளை அழவில்லை. மேலே வெளிச்சம் தெரிந்தது, அதை நோக்கி ஏறினோம்.

கோவில் வாசலுக்கு வந்தபோது பின்னால் கேட்டது. ஒரு பெருமழை ஒரே இடத்தில் கொட்டுகிற மாதிரி முதலில். பிறகு மரங்கள். பிறகு தகரம் மடிகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, கீழே இருட்டிவிட்டிருந்தது. பச்சை மண்ணின் வாசனை மட்டும் ஏறி வந்தது. ராகினி வீட்டு பல்ப் இருந்த இடத்தை நான் தேடினேன்.

நான்கு காம்பராக்கள் போயின. ஒரு உயிர் போகவில்லை.

அக்காவுக்கு நன்றி சொன்னார்கள் என்று எழுத ஆசைதான். அன்று அந்த இஸ்தோப்பில் நின்று அவர் உண்மையைச் சொன்னபோது முதலில் கிடைத்தது வசவு. "உசுரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்க வச்சிட்டியேடி பாவி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். அழுது முடித்தவர்களுக்கு அந்த அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. பழனியாண்டி மறுநாள் கோவிலில் தேங்காய் உடைத்தார். "பொய்த்தப்பு நான் அடிச்சதே இல்ல. என் கையால அடிக்க வச்சிட்டியே" என்றார். வெள்ளையம்மா, மகன் லீவு போட்டு வந்து வாசலில் நிற்கிற வரைக்கும் மருமகள் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

கிருஷ்ணகுமார் அண்ணன்தான் சிரித்தவர். துக்கம் விசாரிக்கக் கஹவத்தையிலிருந்து போன் பண்ணின பாதிப் பேருக்கு அவரே எடுத்துப் பேசியிருக்கிறார். "செத்த செய்திய கடைசியாத்தான் எனக்குச் சொன்னாங்க" என்றார். அஜந்தன் வாங்கி வந்த கோடித் துணியைத் திருப்பிக் கொடுக்கப் போனான், கடைக்காரர் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது ராகினியின் பிள்ளைக்குத் தொட்டிலாகிவிட்டது. கோழிக் கேள்வியை அவன் பிறகு கேட்கவில்லை.

பல மாதம் கழித்து, மெசேஜ் வாங்குகிற எல்லாரையும் பெல்மதுளைக்கு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் பேசினால் துணைக்கு இருக்கட்டும் என்று அக்கா என்னையும் கூட்டிப் போனார். தேநீர் இடைவேளையில் பக்கத்து மலையிலிருந்து வந்த ஷாமிளா என்பவர் என்னோடு பேச்சுக் கொடுத்தார். அவர்கள் ஊரிலும் அன்று மண் சரிந்திருந்தது. ஆட்கள் முன்பே ஏறிவிட்டதால் தப்பினார்கள்.

"அந்த நைட்ஃபோல் மெசேஜ் கண்டதும் நாங்க பின்னேரமே ஏறிட்டோம்" என்றார். "மறுநாள்தானே மலை எறங்கிச்சு."

"மறுநாளா? எங்களுக்கு மெசேஜ் வந்த அன்னைக்கே வந்திச்சே."

"இல்லையே தம்பி, அது மொத நாள் காலையிலே அனுப்பினது. ஒங்க பக்கம் டவர் வேலை செய்யல்லையோ தெரியா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்பிடிக்கா?"

"எல்லாம் ஒரு கும்பலா வந்திச்சு. அந்த நைட்ஃபோல் மெசேஜுக்கு மேல, அதுக்குப் பொறகு வந்ததா, அவரு அனுப்பின குட் நைட் இருந்திச்சு. மத்தியானத்துல அன்னைக்குக் குட் நைட் எப்பிடி வரும்? முந்தின நாளோடது."

"அப்ப ஏன் யாருக்குமே சொல்லல?"

"சொன்னா? நேத்து விழல, இன்னைக்கா விழப் போகுதும்பாங்க."

அந்தச் செய்தி சொன்ன இருட்டு, அது எங்கள் பாறைக்கு வந்து சேர்வதற்கு முந்தின நாளே விழுந்து முடிந்திருந்தது. கீழ் லயம் முழுவதும், ராகினியின் பிள்ளையோடு சேர்த்து, அதற்குப் பிறகு ஒரு முழு இரவு அந்தக் குழிக்குள் தூங்கி எழுந்திருந்தது.